பாம்பா? பயமா?

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, ‘பாம்பே’ என்று படமெடுத்து ஆடிவிட்டு அமர்ந்திருக்கின்ற எதிரணி நண்பர்களே, ‘பயமே’ என்று எனக்கு முன்னால் அழகாக வாதாடிய என் அணித் தம்பியே, மாலை ஐந்து மணிக்கே வந்து இடம் பிடித்து உட்கார்ந்திருக்கின்ற புழல், செங்குன்றம், மாதவரம், மணலி வட்டாரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, வீட்டிலே முறுக்கும் கையுமாகத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் அமர்ந்திருக்கப் போகின்ற அன்பர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

‘புறநகரில் புதிதாகக் குடியேறியவர்களைப் பெரிதும் வாட்டுவது பாம்பா, பயமா?’ இதுதான் தலைப்பு. தலைப்பை நன்றாகக் கவனிக்க வேண்டும் நடுவர் அவர்களே. பாம்பு கடிக்குமா, கடிக்காதா என்பது தலைப்பு அல்ல. அது கடிக்கும். யாரை வாட்டுவது எது என்பதுதான் கேள்வி. இதை இப்போதே ஓரமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசியிலே நான் இந்த இடத்துக்குத்தான் வரப்போகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது ராயபுரம். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் துறைமுகத்து எலி. பூனை எதிரே வந்தால் ‘ஒதுங்கிப் போ’ என்று சொல்லும் அந்த எலி. பாம்பை நாங்கள் பார்த்தது சிவபெருமான் கழுத்திலே மட்டும்தான். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் வங்கியில் கடன் வாங்கிப் புழலில் ஒரு வீடு கட்டினேன். சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது எங்கள் தெருமுனை ஆட்டோக்காரர் வந்தார். “இன்னா வாத்யாரே, வூட்டைக் காலி பண்ணிக்கினு எங்க போறே?” “புழலுக்குப்பா” என்றேன். மனிதருக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. கிட்ட வந்து, குரலைத் தாழ்த்தி, “எத்தினி வருசம் வாத்யாரே?” என்று கேட்டார். (சிரிப்பு)

அவர் மேல் தப்பில்லை. 2006-இல் மத்திய சிறைச்சாலை இங்கே வந்த பிறகு புழல் என்றால் ஊருக்கெல்லாம் ஜெயில்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் தொண்டை மண்டலத்து இருபத்து நான்கு கோட்டங்களில் புழல் ஒரு கோட்டம். குறும்பர்கள் கோட்டை கட்டி வாழ்ந்த இடம் என்று வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். நான் தமிழ் வாத்தியார் என்பதால் அகராதியைப் புரட்டாமல் இருக்க முடியாது. ‘புழல்’ என்ற சொல்லுக்குப் பொருள் என்ன? உள்துளை உடையது, குழாய், பொந்து. ஊருக்கு அதனால்தான் அந்தப் பெயர் வந்ததா என்பது வேறு ஆராய்ச்சி. ஆனால் பொந்து என்று பெயர் வைத்த ஊருக்கு வந்து இறங்கிவிட்டு, “ஏங்க, இந்தப் பக்கம் பாம்பு வருமாங்க?” என்று கேட்கிறோமே, அது நியாயமா? (கைதட்டல்)

அந்தக் கேள்வியைத்தான் எங்கள் நகருக்கு வருகின்ற ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். மனை விற்ற புரோக்கரிடம் கேட்டிருப்பார்கள். அவர் என்ன சொல்லியிருப்பார்? “பாம்பா? சேச்சே! ஏரிக் காத்து சார். மயில்தான் வரும்.” மயில் எதற்காக வருகிறது என்று யாரும் கேட்கவில்லை!

வரத்தானே செய்யும் நடுவர் அவர்களே? இங்கே இருப்பது என்ன? 1876-இல் கட்டிய ஏரி. முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. சென்னைக்காரர்கள் குடிக்கிற தண்ணீர். நிறைந்தால் உபரி நீர் கால்வாய் வழியே மணலி, சடையங்குப்பம் என்று ஓடி எண்ணூருக்குப் போகிறது. இந்தப் பக்கம் செங்குன்றத்து அரிசி ஆலைகள். நெல் இருக்கிற இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கிற இடத்தில் பாம்பு இருக்கும். இது கூட்டல் கணக்கு. 2011-இல் புழல் மாநகராட்சியோடு சேர்ந்தது. நமக்குக் கதவு எண் கொடுத்தார்கள், வரி போட்டார்கள். பாம்புக்கு யாரும் சேதி சொல்லவில்லை. அது தன் பழைய விலாசத்திலேயே இருக்கிறது.

எதிரணித் தலைவி, என் அன்புச் சகோதரி, என்ன கேட்டார்? “சாவது பாம்பு கடித்தா, பயம் கடித்தா? பயத்துக்குப் பல்லு இருக்கா?” என்று கேட்டார். மண்டபமே அதிர்ந்தது. நானும் கைதட்டினேன். பயத்துக்குப் பல் இல்லை அம்மா. ஆனால் கை இருக்கிறது. கையில் ஒரு கம்பு இருக்கிறது. பையில் கொஞ்சம் காசும் இருக்கிறது. அந்தக் கம்பையும் காசையும் வைத்துக்கொண்டு அது என்ன பாடுபடுத்துகிறது என்று பாருங்கள்.

எங்கள் நகரில் மொத்தம் நாற்பது மனை. வீடு எழும்பியது பதினெட்டில். மீதியெல்லாம் காலி. காலி என்றா சொன்னேன்? சீமைக் கருவேலம், உடைத்துப் போட்ட செங்கல், பழைய ஓடு, பதினெட்டு வீட்டுக் குப்பை, எல்லாம் அங்கேதான் இருக்கிறது. எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மேனேஜர் சார் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர். அவர் வீட்டு வாசலிலே ஆகாச கருடன் கிழங்கு கட்டித் தொங்குகிறது. கருடன் பெயரைக் கேட்டால் பாம்பு ஓடிவிடுமாம். சுற்றுச்சுவர் ஓரமெல்லாம் சிறியாநங்கைச் செடி. வாரம் ஒருமுறை பூண்டை அரைத்துக் கரைத்துத் தெளிப்பார். அதற்கு மேல் ஃபினாயில். அதற்கும் மேல் கார்பாலிக் ஆசிட். பாம்பு வந்ததோ இல்லையோ, விருந்தாளி வருவது நின்றுவிட்டது. (சிரிப்பு)

அவர் வீட்டு அம்மா மூன்று மாதம் கொல்லைக் கதவைத் திறக்கவில்லை. துணி காயப்போட்டது படுக்கை அறையில். ஒருநாள் விடியற்காலையில் “ஐயோ, ஐயோ” என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்க்கிறோம். மேனேஜர் சார் கையில் கடப்பாரை. எதிரே மூன்று துண்டாகக் கிடக்கிறது, தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற பச்சை ரப்பர் குழாய்! (சிரிப்பு)

இதுவரைக்கும் சிரிக்கலாம். அடுத்து நடந்ததுக்குச் சிரிக்க முடியாது. ஒருநாள் நிஜமாகவே ஒன்று வந்தது. ஏழடி நீளம். சாரைப்பாம்பு. அதற்கு நஞ்சு கிடையாது. எலியைத் தேடி வந்த எலி இன்ஸ்பெக்டர் அது. ஆறு பேர் சேர்ந்து அடித்தார்கள். அடித்து முடித்த பிறகு ஒருவருக்குச் சந்தேகம்: “நல்ல பாம்பா இருந்துட்டா?” உடனே குழி தோண்டி, காசு போட்டு, பால் ஊற்றிப் புதைத்தார்கள். உயிரோடு இருந்தபோது கம்பு, செத்த பிறகு பால்! பாம்புக்குப் பால் குடிக்கிற பழக்கமே இல்லை என்பது இன்னொரு விஷயம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம் என்பதும் அங்கே யாருக்கும் தெரியாது. இரண்டு மாதம் கழிந்தது. எலிகளுக்குக் கொண்டாட்டம். மேனேஜர் சார் காருக்கு அடியில் வயரையெல்லாம் கடித்துத் துப்பிவிட்டது. செலவு எட்டாயிரம் ரூபாய். எலி பெருகினால் அடுத்து யார் வருவார்? வந்தார். படம் எடுக்கிறவரே வந்தார்.

நம் முன்னோர் பாம்பைக் கவனித்துப் பார்த்தவர்கள் நடுவர் அவர்களே. பழந்தமிழில் பாம்புக்குக் ‘கட்செவி’ என்று ஒரு பெயர். கண்ணே செவி. அதற்கு வெளிக்காது இல்லை, செவிப்பறை இல்லை என்பதைக் கண்டு வைத்த பெயர். தரையின் அதிர்வைத் தாடை எலும்பு வழியாக உணர்ந்துகொள்ளும். மகுடிக்கு ஆடவில்லை, மகுடி பிடித்த கையின் ஆட்டத்தைப் பார்த்து ஆடுகிறது. கொல்லும் நஞ்சு உள்ளதற்கே ‘நல்ல’ பாம்பு என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கண்ணை நாம் தொலைத்துவிட்டோம். நமக்குப் பாம்பு வாத்தியார் யார்? சினிமா. 1979-இல் வந்த ‘நீயா?’ படத்தைப் பார்த்துவிட்டு, அடித்தால் ஜோடி வந்து பழிவாங்கும் என்று இன்றைக்கும் நம்புகிற பட்டதாரிகள் என் வகுப்பிலேயே உண்டு. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு, சுடுகாட்டு மரத்தில் ஏறிப் புகை வருகிறதா என்று பார்க்குமாம். ஐயா, அதற்கு மனிதனைக் கொல்லும் நஞ்சே இல்லை. பல்லியையும் தவளையையும் தின்று பிழைக்கிற ஜீவன். சாரையும் நல்ல பாம்பும் பின்னிப் பிணைகின்றன என்கிறார்கள். இரண்டுமே சாரை, இரண்டுமே ஆண். மல்யுத்தம் நடக்கிறது. நாம் கல்யாணம் என்று நினைத்துத் துணி போர்த்துகிறோம்!

முதலைக்கு வருவோம். எதிரணிப் புலவர் முதலையையும் இழுத்தார். பாம்பு வந்த ஊருக்கு நாளை முதலையும் வரும் என்றார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எல்லோர் கைபேசியிலும் ஒரு செய்தி ஓடியது, நினைவிருக்கிறதா? மாமல்லபுரம் சாலையில் உள்ள முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பித்துவிட்டன என்று. ஒன்றுகூடத் தப்பவில்லை என்று பண்ணைக்காரர்கள் மறுப்புச் சொல்லித் தொண்டை வறண்டுபோனார்கள். மறுப்பை யார் படித்தார்கள்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பெருங்களத்தூர் பக்கம் நெடுங்குன்றத்தில் நிஜமாகவே ஒரு முதலை ராத்திரியில் ரோட்டைக் கடந்தது. காரில் இருந்தவர் படம் பிடித்தார், நாடே பார்த்தது. அது யாரையும் கடிக்கவில்லை. அந்தப் பக்கத்து ஏரிகளில் வெகுநாளாக இருக்கிற குடித்தனக்காரர் அவர். வெள்ளம் வந்தது, ரோட்டைக் கடந்தார், போய்விட்டார்.

அமெரிக்காவில் ஃப்ளோரிடா என்று ஒரு மாநிலம். அங்கேயும் ஏரிக்கரையில் மனை போட்டு விற்கிறார்கள். அங்கேயும் புதிதாகக் குடிவந்தவர் கேட்கிற முதல் கேள்வி, “ஏங்க, இந்தப் பக்கம் முதலை வருமாங்க?” ஆங்கிலத்தில் கேட்பார், அவ்வளவுதான் வித்தியாசம். அங்கே அலிகேட்டர் என்னும் முதலை பதிமூன்று லட்சம் இருப்பதாக அரசே கணக்குச் சொல்கிறது. 1948 முதல் 2022 வரை எழுபத்தைந்து ஆண்டுகளில், தானாக வந்து தாக்கியதில் செத்தவர்கள் இருபத்தாறு பேர். அங்கே வருமா வராதா என்று பட்டிமன்றம் நடத்தவில்லை. தண்ணீர் இருந்தால் முதலை இருக்கும் என்று எடுத்துக்கொள், தீனி போடாதே, போட்டால் தண்டனை, இருட்டும் நேரத்தில் கரையில் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்காதே என்று சொல்லிக் கொடுக்கிறார்கள்.

இப்போது எதிரணியினர் முகத்தில் ஒரு புன்னகை தெரிகிறது. “அங்கே எழுபத்தைந்து வருஷத்தில் இருபத்தாறு. இங்கே பாம்புக்கடிக்கு எத்தனை பேர் பேராசிரியரே?” என்று கேட்கத் துடிக்கிறார்கள். நானே சொல்லிவிடுகிறேன். 2020-இல் வெளிவந்த ஆய்வின்படி, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். இருபது ஆண்டில் பன்னிரண்டு லட்சம் பேர். ஆஸ்திரேலியாவில் நம்முடையதைவிடக் கொடிய நஞ்சுள்ள பாம்புகள் இருக்கின்றன. அங்கே ஆண்டுக்கு இரண்டு மூன்று பேர்தான் சாகிறார்கள்.

இந்த 58,000 என்ற எண்ணை நான் மறைக்க மாட்டேன். மறைத்துவிட்டுப் பெறுகிற தீர்ப்பு எனக்கு வேண்டாம். ஆனால் அந்த 58,000 பேர் யார் என்று கேட்க எனக்கு அனுமதி கொடுங்கள்.

மேனேஜர் சார் வீட்டுக்கு அடுத்த மனையில் போன வருடம் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. கான்கிரீட் போட்டாகிவிட்டது, ஜன்னல் இன்னும் வைக்கவில்லை. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் அங்கே காவல் இருந்தது. புருஷன், பெண்சாதி, ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை. தரையில் சிமெண்டுச் சாக்கை விரித்து, அதன் மேல் ஒரு பாய் போட்டுப் படுப்பார்கள். ஐப்பசி மாதம். நாலு நாளாக மழை. பொந்தெல்லாம் தண்ணீர்.

ராத்திரி இரண்டு மணி இருக்கும். அந்தப் பெண் எழுந்து வயிறு வலிக்கிறது என்றாள். காயம் இல்லை. வீக்கம் இல்லை. ஏதோ சாப்பிட்டது சேரவில்லை என்று சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். விடிந்ததும் பக்கத்தில் ஒரு மருத்துவரிடம் போனார்கள். அவரும் வயிற்று வலிக்கு ஓர் ஊசி போட்டு அனுப்பிவிட்டார். எட்டு மணிக்கு நான் கல்லூரிக்குக் கிளம்புகிறேன். அந்தப் பெண் மணல் குவியலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். எங்கள் தெருவில் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அக்கா இருக்கிறார். பால் வாங்கிக்கொண்டு போனவர் நின்றார். “ஏம்மா, தூக்கமா வருது?” என்றார். “இல்லக்கா, கண்ணைத் தெறக்க முடியல” என்றாள் அந்தப் பெண். பேச்சும் குழறுகிறது.

அக்கா பால் பாத்திரத்தை அப்படியே கீழே வைத்துவிட்டார். “சார், இது கட்டு விரியன். வண்டியைக் கூப்பிடுங்க” என்றார்.

கட்டு விரியன் ராத்திரியில் வருகிற பாம்பு. தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும். பல் ஊசி மாதிரி இருப்பதால் பல நேரம் தடம்கூடத் தெரியாது. வலியும் இராது. வயிறு வலிக்கும், இமை இறங்கும், பேச்சு குழறும், பிறகு மூச்சுவிடும் தசை ஓய்ந்துபோகும். ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். நஞ்சுமுறிவு மருந்து ஏற்றி, மூச்சுக் கருவியில் நாலு நாள் வைத்திருந்தார்கள். ஒரு ரூபாய் வாங்கவில்லை. ஐந்தாம் நாள் கண்ணைத் திறந்து, “பாப்பா எங்க?” என்று கேட்டாள்.

நடுவர் அவர்களே, இப்போதுதான் நான் தலைப்புக்கு வருகிறேன். அந்தப் பாம்புக்கு மேனேஜர் சார் வீடும் ஒன்றுதான், கட்டாத வீடும் ஒன்றுதான். இடையில் இருப்பது ஆறடிச் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் ஆகாச கருடன் கிழங்கு, ஃபினாயில், கொசுவலை, கட்டில், மெத்தை, மின்விளக்கு. அந்தப் பக்கம் சிமெண்டுச் சாக்கு. எங்கள் தெரு நலச் சங்கத்தில் ஆறு மாதமாகப் பேசிய ஒரே விஷயம் பாம்பு. வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் வசூல் செய்து தெருவைச் சுற்றி வலை கட்டலாமா என்று மூன்று கூட்டம் போட்டோம். அந்த மூன்று கூட்டத்திலும், தரையில் ஒரு குடும்பம் படுத்திருக்கிறதே என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. நாங்கள் கெட்டவர்கள் இல்லை. பயந்தவனுக்குத் தன் வீட்டு வாசல் மட்டும்தான் தெரியும்.

“கடித்தது பாம்புதானே?” என்பார் சகோதரி. ஆமாம் அம்மா, பாம்புதான். ஆனால் தலைப்பு என்ன? புதிதாகக் குடியேறியவர்களை வாட்டுவது எது? பத்திரத்திலே பெயர் இருக்கிற எங்களை வாட்டியது பயம். பத்திரத்தில் பெயர் இல்லாத அந்தப் பெண்ணைக் கடித்தது பாம்பு. ஆய்வு சொல்கிற அந்த 58,000 பேரில் பெரும்பாலோர் வயலில் வெறுங்காலோடு நடந்தவர்கள், தரையில் படுத்தவர்கள், ஆஸ்பத்திரிக்குத் தொலைவில் இருந்தவர்கள். அவர்களுக்கு ஊரில் பட்டிமன்றம் நடக்கவில்லை. (கைதட்டல்)

கடித்த பிறகும் பயம் விடுகிறதா? என் சொந்தக்காரப் பையன் ஒருவனைக் கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் பாம்பு கடித்தது. கூடியிருந்தவர்கள் என்ன செய்தார்கள்? ஒருவர் பிளேடால் கீறினார். ஒருவர் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். ஒருவர் மிளகைக் கொடுத்து மெல்லச் சொன்னார், காரம் தெரியவில்லை என்றால் விஷம் ஏறிவிட்டதாம். இன்னொருவர் மந்திரிக்கிறவரைத் தேடி ஸ்கூட்டரில் போனார். எல்லோரும் நல்லவர்கள்தான், ஒருவர்கூட ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணவில்லை. பையன் பிழைத்தான். கடித்தது தண்ணீர்ப் பாம்பு, நஞ்சில்லாதது. அவனுக்கு ஏழு தையல் போட்டார்கள். பாம்பு கடித்ததற்கு அல்ல, பிளேடு கீறியதற்கு!

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கீறாதே, உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே. மோதிரம், கொலுசு, வளையலைக் கழற்று. கையோ காலோ, கடிபட்ட உறுப்பை எலும்பு முறிந்தால் கட்டுவதுபோல அசையாமல் வைத்துக்கொண்டு 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போ. நடக்கவிடாதே. பாம்பைத் தேடிப் பிடித்து எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. அதைத் தேடப்போய் இரண்டாவது ஆளும் கடி வாங்கியதுண்டு. மருத்துவர்களுக்குச் சோதனை இருக்கிறது. சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். சாய்த்துப் பார்க்கும்போது ரத்தம் உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் வகை நஞ்சு வேலை செய்கிறது என்று பொருள். எவ்வளவு எளிமை பாருங்கள்! நல்ல பாம்பு, கட்டு விரியன், இந்த இரண்டு விரியன், நாலுக்கும் ஒரே மருந்துதான். 2017-இல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, அரசு மருத்துவமனையானாலும் தனியாரானாலும் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. இனிமேலாவது கணக்கு சரியாக வரும்.

அந்த மருந்து எங்கிருந்து வருகிறது தெரியுமா? குதிரை உடம்பில் பாம்பின் நஞ்சைச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எடுக்கிறார்கள். நஞ்சைக் கொடுப்பவர் யார்? நம் இருளர் மக்கள். ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1972-இல் சட்டம் வந்தது, 1976-இல் தோல் ஏற்றுமதியும் நின்றது, பிழைப்பு போயிற்று. 1978-இல் வடநெம்மேலியில் ரோமுலஸ் விட்டேக்கர் துணையோடு இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். பாம்பைப் பிடிப்பார்கள், மண்பானையில் சில வாரம் வைத்து நஞ்சு எடுப்பார்கள், அடையாளம் இட்டுத் திரும்பக் கொண்டுபோய் விடுவார்கள். நாட்டில் பெரும்பகுதி மருந்துக்கு நஞ்சு அங்கிருந்துதான் போகிறது. சற்று முன் ஃப்ளோரிடா சொன்னேனே, அங்கே மலைப்பாம்பு பெருகிப்போனதால், 2017-இல் நம் மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் விமானத்தில் அழைத்துக்கொண்டு போனார்கள். சில வாரத்தில் இருபதுக்கு மேல் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. அந்த இருளர் சமூகத்துக் குடும்பங்கள் இதே செங்குன்றம் வட்டாரத்து அரிசி ஆலைகளில் கொத்தடிமைகளாகக் கிடந்து மீட்கப்பட்ட செய்திகளும் பத்திரிகையில் வந்தவைதான். அதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

இருளருக்குப் பாம்பைக் கண்டு பயமே இல்லையா? எதற்கு அஞ்ச வேண்டுமோ அதற்கு அஞ்சச் சொன்ன வள்ளுவரை எதிரணிப் புலவர் துணைக்கு அழைத்தார். அந்தக் குறளுக்கு உரை எழுதுகிறவர்கள் இருளர்தான் ஐயா. தரையைப் பார்க்காமல் அவர்கள் ஓர் அடி எடுத்து வைப்பதில்லை. பார்க்காமல் கையை விறகுக்குள் விடுவதில்லை. மேனேஜர் சார் கூரையையும் வாசலையும் பார்க்கிறார். அவர்கள் தரையைப் பார்க்கிறார்கள்.

எங்கள் சங்கத்தின் நாலாவது கூட்டம் எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். வலைக்கு வசூலித்த காசு பதினெட்டாயிரம் இருந்தது. மேனேஜர் சார் எழுந்தார். “வலை வேண்டாம்” என்றார், வேறெதுவும் பேசவில்லை. அந்தக் காசில் காவல் குடும்பத்துக்கு இரண்டு கட்டில், மூன்று கொசுவலை, இரண்டு டார்ச் லைட். மீதியில் காலி மனைக் குப்பையை ஜே.சி.பி. வைத்து வாரினோம். கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிப் படுத்தால் கட்டு விரியன் உள்ளே வர முடியாது. நூற்றைம்பது ரூபாய் வலை செய்கிற வேலையை ஆகாச கருடன் செய்யாது. ஆனால் அவர் வீட்டு வாசலில் அது இன்னும் தொங்குகிறது. கேட்டேன். “இருக்கட்டும் சார், அழகா இருக்கு” என்றார். (சிரிப்பு)

போன மாதம் அவர் வீட்டுச் சுவர் ஓரம் மறுபடி ஒரு சாரை. அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். “ஏங்க, உங்க எலி இன்ஸ்பெக்டர் வந்திருக்கார்” என்றாராம். கம்பை யாரும் தேடவில்லை. அதுபாட்டுக்குப் போய்விட்டது. நல்ல பாம்பு வந்தால் தூர நின்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்போம், தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லுவோம் என்று முடிவு செய்திருக்கிறோம். காவல் குடும்பம் அந்த வீடு முடிந்ததும் வேறு இடத்துக்குப் போய்விட்டது. கட்டிலை எடுத்துக்கொண்டுதான் போனார்கள். அந்தப் பெண் குழந்தை டார்ச்சைத் தானே கையில் வைத்துக்கொண்டது.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஆகவே, புதிதாக வந்தவர்களைப் பெரிதும் வாட்டுவது பயமே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இன்னும் ஒரே ஒரு வார்த்தை. இந்த மண்டபத்துக்கு வெளியே சர்வீஸ் ரோட்டில் இரண்டு விளக்கு எரியவில்லை, வரும்போது பார்த்தேன். இது மழைக்காலம். கூட்டம் முடிந்து போகும்போது கைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டு, பிள்ளைகளுக்குச் செருப்பு மாட்டிவிட்டு, தரையைப் பார்த்து நடந்து போங்கள். வணக்கம். (கைதட்டல்)